பாம்புக் கழுகு பார்க்க எந்த பைனாகுலர்? பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பாம்பு தின்னும் கழுகு இரண்டு வகை. கொல்லங்கோடு, முதலமடை, நெல்லியாம்பதி அடிவாரத்தில் இருப்பது கொண்டைப் பாம்புக் கழுகு. மலையாளத்தில் சுட்டிப்பருந்து என்பார்கள். அங்கிருந்து கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வரை நீளும் காய்ந்த மேட்டு நிலத்தில், மழை ஓய்ந்த மாதங்களில், எப்போதாவது கண்ணில் படுவது குட்டைவிரல் பாம்புக் கழுகு. இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் முதலாவது மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும், இரண்டாவது வானத்தில் நின்று தேடும். பைனாகுலரில் காசை எதற்குக் கொடுப்பது என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் பவர் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்வார்.

இங்கே ஒப்பிடுவது மூன்றை: நிக்கான் அகுலான் ஏ211 8×42, நிக்கான் மோனார்க் எம்5 8×42, அதே எம்5 வரிசையில் 10×42. அவசரமாக இருப்பவர்களுக்கு முடிவு இப்போதே. மலையடிவாரத்திலும் பறம்பிக்குளத்திலும் பார்ப்பவர், மழைக்காலத்திலும் வெளியே போகிறவர், கண்ணாடி போட்டவர் என்றால் எம்5 8×42. கையில் காசு குறைவு, கண்ணாடி போடுவதில்லை, மழையில் நனைக்க மாட்டேன் என்றால் அகுலான் தாராளமாகப் போதும். 10×42 கிழக்கே வெட்டவெளியில் பார்ப்பவர்களுக்கு மட்டும், அதுவும் ட்ரைபாட் இருந்தால். முதல் பைனாகுலராக 10× வாங்குவது இந்தப் பறவைகளைப் பொறுத்தவரை தப்பான முடிவு என்றே சொல்வோம்.

8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பெட்டியில் சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். பைனாகுலர் ஒரே நேரத்தில் எத்தனை டிகிரி அகலத்தைக் காட்டும் என்பது அது. அகுலான் 8×42-க்கு 8.0 டிகிரி, எம்5 8×42-க்கு 6.4, எம்5 10×42-க்கு 5.6. முந்நூறு மீட்டர் தூரத்தில் இந்தக் கோணங்களை நிலமாக மாற்றினால் அகுலானில் 42 மீட்டர், எம்5 8×-இல் 33 மீட்டர் சொச்சம், 10×-இல் 29 மீட்டர். பரப்பாகக் கணக்கிட்டால் அகுலானின் வட்டம் 10×-ஐப் போல இரண்டு மடங்கு.

இந்த அகலத்தால் என்ன லாபம் என்பது கொண்டைப் பாம்புக் கழுகின் அன்றாடத்தைத் தெரிந்தால் விளங்கும். காலை ஆறு மணிக்கே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் அது ஓடையோரமோ காட்டு விளிம்போ ஒரு மரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இலை மறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெரிய இறக்கையை அடித்து அடித்துப் பறப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. மலைச்சரிவு வெயிலில் சூடேறி காற்று மேலே எழும்பும் வரை காத்திருக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் கிளம்பும். கிளம்பினால் சும்மா போகாது. கூப்பிட்டுக்கொண்டே வட்டமடிக்கும். உரத்த சீழ்க்கை போல, முதல் சுரம் நீண்டு அடுத்த இரண்டு மூன்று குறுகிவரும் குரல். கொல்லங்கோட்டு வயலில் நிற்பவருக்கு முதலில் குரல்தான் வந்து சேரும். அண்ணாந்து பார்த்தால் தென்மலைப் பாறைக்கு எதிரே ஒரு புள்ளி. வெறுங்கண்ணில் பார்த்த அந்தப் புள்ளியைப் பைனாகுலருக்குள் கொண்டுவர ஒரு வினாடி, இரண்டு வினாடிக்கு மேல் கிடையாது. பின்னணியில் அடையாளம் சொல்ல மரமோ கம்பமோ இல்லாத வெறும் ஆகாயம். 29 மீட்டர் வட்டத்தில் தவறவிடுவதை 42 மீட்டர் வட்டத்தில் பிடித்துவிடலாம். பவர் போதாமல் கழுகைத் தவறவிட்டவர் குறைவு, வட்டத்துக்குள் கொண்டுவர முடியாமல் தவறவிட்டவரே அதிகம்.

சரி, பத்து மடங்கில் எவ்வளவு கூடுதலாகத் தெரியும்? கொண்டைப் பாம்புக் கழுகின் இறக்கை விரிப்பு ஒன்றேகால் மீட்டருக்கு மேல். 1.3 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். முந்நூறு மீட்டரில், எட்டு மடங்கில், நாலு முழுநிலவை வரிசையாக வைத்த அகலத்தில் தெரியும். பத்து மடங்கில் அஞ்சு நிலவு. அந்த ஒரு நிலவுக்காக வட்டத்தைச் சுருக்கி, கைநடுக்கத்தையும் கால் பங்கு கூட்டிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. இந்தக் கழுகை அடையாளம் காண நாலு நிலவு ஏராளம். ஏனென்றால் அதன் அடையாளமே பெரிது. கீழிருந்து பார்த்தால் இறக்கையின் பின்விளிம்பையொட்டி அகலமான வெள்ளைப் பட்டை, அதற்குப் பின்னால் கறுப்பு விளிம்பு. வாலிலும் ஒரு அகன்ற வெள்ளைப் பட்டை. இறக்கையை லேசாக மேல்நோக்கித் தூக்கி, தட்டையான ‘வி’ வடிவில் பிடித்திருக்கும். தேன் பருந்து இங்கே குழப்பக்கூடிய ஆள். அதற்குப் புறாவைப் போல சின்னத் தலை, நீண்ட கழுத்து, இறக்கையைத் தட்டையாக வைத்து வட்டமடிக்கும். கொண்டைப் பாம்புக் கழுகுக்குத் தலை பெரிசு, கழுத்து குட்டை.

வெள்ளைப் பட்டையைப் பார்ப்பதில் லென்ஸின் தரம் நேரடியாகத் தலையிடும் இடம் ஒன்று உண்டு. வெளுத்த ஆகாயத்துக்கு எதிரே கறுத்த பறவை. மட்டமான கண்ணாடியில் இறக்கை விளிம்பு முழுக்க ஊதா, பச்சை நிறக் கோடு ஓடும். பட்டையின் விளிம்பு அந்த நிறத்தில் கரைந்துபோய், முழு இறக்கையும் சாம்பலாகத் தெரியும். எம்5-இல் இந்த நிறக்கோட்டைக் குறைக்கும் ‘ஈடி’ என்ற தனிவகைக் கண்ணாடி போட்டிருப்பது இதற்காகத்தான். அகுலானில் அது இல்லை. நண்பகலில், பால் போன்ற ஆகாயத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் வித்தியாசம் தெரியும். காலையில், மலையைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. அதனால் அகுலான் வைத்திருப்பவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, மலைச்சரிவுக்கு எதிரே பறவை வரும்போது பார்ப்பது நல்லது. கொல்லங்கோட்டில் மலை தெற்கே இருப்பதால் காலையில் கொஞ்சம் கிழக்கே தள்ளி நின்றால் இது தானாகவே அமையும்.

உட்கார்ந்திருக்கும் பறவையிடம் வேறு கணக்கு. பறம்பிக்குளத்துக்குச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போகும்போது சாலையோர மரத்தில் பத்து இருபது மீட்டரிலேயே கிடைக்கும். இந்தப் பறவைக்கு மனிதன் மேல் பெரிய பயம் கிடையாது, வண்டி நின்றாலும் நின்று பார்க்கும். அப்போது பார்க்க வேண்டியது முகம். கண்ணைச் சுற்றியும் கண்ணிலிருந்து அலகடி வரைக்கும் ரோமமே இல்லாத மஞ்சள் தோல். பிடரியில் கறுப்பும் வெள்ளையும் கலந்த குட்டைக் கொண்டை. சாதாரணமாகப் படிந்தே இருக்கும், அதனால் ‘கொண்டையே இல்லையே’ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மிரண்டால் விசிறி போல விரியும், தலையே இரண்டு மடங்காகத் தெரியும். வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள், சிலவற்றில் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம். கடைசியாகக் கால். முழங்காலுக்குக் கீழே இறகு கிடையாது, மஞ்சளான மொட்டைக் கால், அதன்மேல் கெட்டியான அறுகோணச் செதில்கள். இதே காட்டில் இருக்கும் குடுமிக் கழுகுக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும். குஞ்சுப் பருவத்துக் கொண்டைப் பாம்புக் கழுகு வெளிறிய தலையும் வெளிறிய வயிறுமாக, குடுமிக் கழுகு என்று நினைக்க வைக்கும். காலைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. கன்னத்தில் கறுத்த திட்டு இருப்பதும் இளம் பாம்புக் கழுகுக்கு அடையாளம்.

காட்டு நிழலில் கால் செதிலைப் பார்க்க எது உதவும் என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் இது. பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்பார்கள். பகலில், காட்டு நிழலில்கூட, நம் கண்மணி அவ்வளவு தூரம் விரிவதில்லை. கண்மணி வாங்காத வெளிச்சம் இருந்து என்ன, இல்லாமல் என்ன. 5.25-இன் உண்மையான வசதி வேறு: கண்ணை மிகச்சரியாக நடுவில் வைக்காவிட்டாலும் படம் கறுத்துப்போகாது. ஆடும் ஜீப்பிலும் சஃபாரி வேனிலும் இதன் அருமை புரியும். இன்ஜின் ஓடும்போது 10× என்பது வெறும் அதிர்வுதான். எட்டே ஆனாலும் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள், முழங்கையைக் கதவில் ஊன்றாதீர்கள், உடம்போடு ஒட்டி வையுங்கள். பறம்பிக்குளத்தில் வண்டியிலிருந்து இறங்க அனுமதி கிடையாது, ஆகவே இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்குப் பக்கக் கழுகுக்கு வருவோம். குட்டைவிரல் பாம்புக் கழுகு பெரிய பறவை, இறக்கை விரிப்பு 1.7 மீட்டரைத் தாண்டும். வயிறு வெளுப்பு, தலையும் மார்பும் பழுப்பு, முக்காடு போட்டது மாதிரி. வாலில் மூன்று நாலு கோடுகள். தலை ஆந்தையைப் போல உருண்டை, கண் பெரிய மஞ்சள் கண். கொண்டை கிடையாது. பனைமரமும் வேலிக்கருவையும் தரிசுமாகக் கிடக்கும் நிலத்தில், காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று, கீழே தரையைத் தேடும். இறக்கையை மெல்ல அடிக்கும், காற்று பலமாக இருந்தால் அடிக்காமலே தொங்கும். பாம்போ ஓணானோ தென்பட்டால் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் விழும். ஒரே இடத்தில் நிற்பதால் வட்டத்துக்குள் கொண்டுவருவது சுலபம், தூரம் மட்டும் அதிகம். இங்கேதான் 10× தன் காசுக்கு நியாயம் செய்கிறது. வால் கோட்டை எண்ணவும், முக்காட்டின் விளிம்பைப் பார்க்கவும் அந்தக் கூடுதல் பவர் உதவும்.

உதவாமல் போகும் காரணங்களும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. முதலாவது காற்று. கணவாய் வழியே ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கேயிருந்து அடிக்கும். அந்தக் காற்றில் நின்று 10×-ஐக் கையில் பிடித்தால் கழுகு ஆடுகிறதா கை ஆடுகிறதா என்று தெரியாது. ஒரு ட்ரைபாட், இல்லாவிட்டால் ஒரு பனைமரத்தில் தோளைச் சாய்த்து நிற்பது. இரண்டாவது கானல். மாசிக்கு மேல் பத்தரை மணி தாண்டினால் தரையிலிருந்து எழும் சூடான காற்றில் படம் நெளியத் தொடங்கும். பவர் கூடக் கூட நெளிவும் கூடித் தெரியும். விலை உயர்ந்த லென்ஸ் இதற்கு மருந்தல்ல. வானத்தில் உயரே பார்த்தால் நெளிவு குறைவு, கம்பத்தில் உட்கார்ந்த பறவையைத் தரையோடு தரையாகப் பார்த்தால் மோசம்.

மீன்கரை, சுள்ளியாறு அணைகளில் குட்டைவிரல் பாம்புக் கழுகு என்று சொல்லப்படுவதில் பாதி, மீன் பிடிக்கும் பறவையான விரால் அடிப்பானாக இருக்கும். அதுவும் கீழே வெளுப்பு, அதுவும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும். விரால் அடிப்பானுக்குக் கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை இருக்கும், இறக்கை மடங்கும் இடத்தில் கீழே கறுத்த திட்டு இருக்கும். பாம்புக் கழுகுக்கு இரண்டும் இல்லை. எட்டு மடங்கிலேயே இதைப் பிரித்துவிடலாம்.

கழுகு இரையோடு கண்ணில் படும் நேரம்தான் பைனாகுலர் வாங்கியதன் பலன். பாம்பைத் தலைப்பக்கமாக முழுதாக விழுங்கும். பெரிய பாம்பென்றால் வால் நுனி அலகிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும்போதே பறக்கும். குட்டைவிரல் பாம்புக் கழுகு கூட்டுக்குப் போனதும், குஞ்சு அந்த வாலைப் பிடித்து இழுத்து, தாயின் தொண்டையிலிருந்து பாம்பை வெளியே எடுக்கும். கழுகுக்கு விஷம் ஏறாது என்பது ஊர்க்கதை. விஷத்தை எதிர்க்கும் சக்தி அதன் ரத்தத்தில் இல்லை. காலில் கெட்டிச் செதில், உடம்பில் அடர்ந்த இறகு, தலையை முதலில் நசுக்கும் வேகம், இவைதான் காப்பு. விழுங்கிய பிறகு விஷம் வயிற்றில் வெறும் புரதம், செரித்துவிடும். கொண்டைப் பாம்புக் கழுகு பாம்போடு நிற்பதும் இல்லை. ஓணான், தவளை, எலி, மழைக்காலத்தில் வயல் நண்டு எல்லாம் சாப்பாடுதான். வயலோரம் நண்டைக் கிழிக்கும் கழுகைப் பார்த்து ‘இது வேறே ஏதோ’ என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

இப்போது பெட்டிக்கு வெளியே உள்ள விஷயங்கள். அகுலான் 755 கிராம், எம்5 8×42 630 கிராம். கழுத்தில் மூன்று மணி நேரம் தொங்கினால் இந்த 125 கிராம் பிடரியில் தெரியும். இரண்டுக்குமே கூட வரும் கழுத்துப் பட்டையை விட, முதுகில் குறுக்காகப் போகும் ஹார்னஸ் வாங்கிப் போடுவது உத்தமம். கண்ணாடி போட்டவர்களுக்கு முக்கியமான எண் இன்னொன்று: கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பது. அகுலானில் 12 மி.மீ., எம்5 8×-இல் 19.5, எம்5 10×-இல் 18.4. மூக்குக்கண்ணாடியோடு வசதியாகப் பார்க்கக் குறைந்தது 16 வேண்டும். அகுலானைக் கண்ணாடியோடு பிடித்தால் அந்த 8 டிகிரி அகலத்தில் பெரும்பகுதி ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் அப்படியே வீண். கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் கழற்றி மாட்டுவதற்குள் கழுகு மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஒலிம்பஸ் 8×40 அகுலானுக்கு நேர் போட்டி: 8.2 டிகிரி அகலம், 710 கிராம், அதே 12 மி.மீ. கணக்கு. விலை எதற்குக் குறைவோ அதை எடுக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை. இந்த விலையில் இவ்வளவு அகலம் கேட்டால் ஓரங்கள் மங்கத்தான் செய்யும். பறவையை நடுவில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது ஒரு குறையே அல்ல. எம்5-இன் விலை இவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் பணம் கழுகை இன்னும் பெரிதாகக் காட்டாது, அகலத்தைக்கூடக் குறைக்கிறது. அது வாங்கித் தருவது மூன்றை: நிறக்கோடு குறைந்த தெளிவு, கண்ணாடிக்காரர்களுக்கு இடம், எல்லாவற்றுக்கும் மேலாக மழைக்குப் பாதுகாப்பு.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பைனாகுலர்கள் செத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். எம்5 காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது. அகுலானும் ஒலிம்பஸும் அப்படி அல்ல. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது அவற்றின் கண்பக்கக் குழாய்கள் முன்னும் பின்னும் நகரும். நகரும்போது வெளிக்காற்று உள்ளே போகும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அந்தக் காற்றோடு புழுதி, நெல்லியாம்பதியில் ஈரம். ஆடி மாதம் நெல்லியாம்பதி மூடுபனியில் இரண்டு நாள் வைத்திருந்து, அப்படியே பையில் போட்டு அலமாரியில் வைத்தால் ஆவணியில் உள்ளே இருக்கும் பட்டகத்தின் (பிரிசம்) மேல் ஃபங்கஸ் வந்திருக்கும். முன்பக்க லென்ஸ் வழியாக ஒரு டார்ச் அடித்துக் கண்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை நூல் மாதிரி கிளைவிட்ட வெள்ளை இழை தெரிந்தால் அதுதான். ஆரம்பத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது, கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள மாறுபாடு மட்டும் குறையும். வெள்ளைப் பட்டை சாம்பலாகத் தெரியத் தொடங்கும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது.

தடுக்க பெரிய செலவில்லை. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஐந்தாறு லிட்டர் டப்பாவுக்கு நூறு கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. நீலமாக இருந்தது இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். ஆரஞ்சு வகையும் கிடைக்கிறது, அது பச்சையாகும். அடுப்படி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். மீண்டும் பயன்படுத்தலாம். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மீட்டர் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தவிட்டுப் பொடி மட்டும் ஃபோகஸ் சக்கரத்துக்குள் போய்ச் சேரும். தோல் உறையும் கூடாது, ஃபங்கஸ் குடியிருக்கும் இடமே அது.

துடைப்பதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் ரப்பர் பல்பால் காற்று அடித்துப் புழுதியைத் தள்ளுங்கள். பிறகு மெல்லிய பிரஷ். அதற்குப் பிறகே லென்ஸ் துணி, தேவைப்பட்டால் ஒரு சொட்டு லென்ஸ் திரவம், திரவம் துணியில்தான், லென்ஸில் நேரடியாக அல்ல. வேட்டி நுனியால் துடைத்தால் அதிலிருக்கும் மணல் தூள் பூச்சைக் கீறும். அந்தக் கீறல் வெயிலை நோக்கிப் பார்க்கும்போது முழுப் படத்தையும் வெளுப்பாக்கிவிடும்.

வாங்கும் கடையில் செய்ய வேண்டிய சோதனை, கோவையிலோ பாலக்காட்டிலோ எங்கே ஆனாலும் ஒன்றுதான். கடைக்கு வெளியே வந்து பார்க்கக் கேளுங்கள், உள்ளே டியூப்லைட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் இடது கண்ணால், வலது பக்க லென்ஸை மூடிக்கொண்டு, ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பி ஒரு விளம்பரப் பலகை எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்ணால் அதே எழுத்தைப் பார்த்து, வலது கண்பக்கத்தில் இருக்கும் டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் ‘பைனாகுலர் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். அடுத்து மின்கோபுரம் ஒன்றின் கிடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் இரு குழாய்களும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. பத்து நிமிடத்தில் தலைவலி வரும், வாங்காதீர்கள். கீழே விழுந்த பைனாகுலருக்கும் இதே கதிதான். வீட்டில் திருகு கழற்றிச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் கெடும், சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் நேராக்க வேண்டும். கடைசியாக, பனையோலையோ தென்னோலையோ வெள்ளை ஆகாயத்துக்கு எதிரே இருப்பதைப் பாருங்கள். ஓலையின் விளிம்பில் ஊதாக் கோடு எவ்வளவு தடிப்போ, நாளைக்குக் கழுகின் இறக்கையிலும் அவ்வளவு.

வேலா, பூரம் போன்ற கோயில் திருவிழா நடக்கும் இடங்களிலும் இணையத்திலும் ‘90×’, ‘100×’ என்று எழுதிய, சிவப்பாக மின்னும் லென்ஸ் போட்ட மலிவான பைனாகுலர்கள் கிடைக்கும். அந்தச் சிவப்புப் பூச்சு ஒளியின் சிவப்புப் பகுதியைத் திருப்பி அனுப்புவதால் படம் பச்சையடித்து இருட்டாகும். மஞ்சள் முகத்தோல்கூடப் பாசி நிறமாகத்தான் தெரியும். எழுதியிருக்கும் பவர் பொய். ஒருவேளை உண்மையாக இருந்தாலும் அந்தப் பவரைக் கையில் பிடித்துப் பார்க்க மனிதக் கையால் ஆகாது. குழந்தைகளுக்கு விளையாட வாங்கினாலும் சூரியனைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி, தை முதல் கோடை வரை கொண்டைப் பாம்புக் கழுகு ஜோடி சேர்ந்து கூடு கட்டும் காலம். குரலும் வட்டமடிப்பும் அப்போது அதிகம், பார்க்கச் சுகமான மாதங்களும் அவைதான். ஓடையோரப் பெரிய மரத்தில் குச்சிகளால் கட்டிய கூட்டில் பெரும்பாலும் ஒரே முட்டை. அடைகாப்பு நாற்பது நாளுக்கு மேல், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். அந்த ஒரு முட்டையை விட்டுத் தாய் எழுந்து போனால் வெயிலோ காகமோ அதை முடித்துவிடும். கூடு தெரிந்தால் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள், நூறு மீட்டருக்குள் போக வேண்டிய அவசியத்தை இல்லாமல் ஆக்கத்தான் பைனாகுலர். மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு கழுகு நுழைந்துவிட்டது என்று நினைத்து வேட்டையை விட்டுவிட்டு அலையும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தப் பறவைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கூட்டைத் தொந்தரவு செய்வது குற்றம்.

பழைய பைனாகுலர் வாங்குபவர்கள் மேலே சொன்ன டார்ச் சோதனையையும் கம்பிச் சோதனையையும் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். அகுலான் வகையில் ஃபோகஸ் சக்கரத்தை முழுக்க ஒரு முறை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது கரகரத்தால் உள்ளே புழுதி போயிருக்கிறது. கண்பக்க இரட்டைக் குழாய்களைத் தாங்கும் பாலத்தை விரலால் லேசாக அழுத்தி, படம் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறதா என்றும் பாருங்கள். மங்கினால் பாலம் தளர்ந்துவிட்டது, விலையை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.